வாய் திறக்காத ஆங்கில வகுப்பு: கேள்வி பதில்

ஒன்பதாம் வகுப்பில் ஐம்பதுக்கு மேல் பிள்ளைகள். ‘புரிஞ்சுதா?’ என்றால் ‘எஸ் மிஸ்’ என்று கோரஸ். தனியாக எழுப்பினால் தலைகுனிந்து நிற்கிறார்கள். (அரசுப் பள்ளி ஆசிரியை)

‘புரிஞ்சுதா?’ என்றால் ‘எஸ் மிஸ்’ தவிர வேறென்ன வரும் டீச்சர்? அதை விடுங்கள். கேள்வி கேட்டபின் எவ்வளவு நேரம் பொறுக்கிறீர்கள் என்று பாருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். மூன்று நொடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன, பேசாதவர்களும் பேசினார்கள். நம் பிள்ளையோ தமிழில் யோசித்து, சொல் தேடி, டென்ஸ் சரிபார்த்து வர வேண்டும். பத்து நொடியாவது கொடுங்கள். முதலில் பக்கத்துப் பிள்ளையிடம் சொல்லிப் பார்க்கட்டும், அப்புறம் வகுப்புக்கு.

முதல் பெஞ்ச் நாலு பேர் மட்டும் பதில் சொல்கிறார்கள்.

கை தூக்கச் சொல்லாதீர்கள். பெயர்ச் சீட்டு குலுக்கி எடுங்கள். பதில் வராதவர் ‘பாஸ்’ சொல்லித் தாண்டிப்போக ஒருமுறை அனுமதி உண்டு.

எங்கள் பள்ளியில் தமிழ் பேசினால் அபராதம். சரியா சார்?

காசை மிச்சம் பிடிக்கச் சுலபமான வழி பேசாமலே இருப்பது. பிள்ளைகள் விவரமானவர்கள், அதைத்தான் செய்வார்கள்.

பாடத்தில் பேச என்ன இருக்கிறது? எல்லாம் கைடிலேயே இருக்கிறதே.

நல்ல கேள்வி. விடை முன்பே தெரிந்திருந்தால் யார்தான் பேசுவார்கள்? ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளை ஆராய்ந்த என். எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் இதைத்தான் மாற்றிப் பார்த்தார். இலக்கணப் பட்டியலுக்குப் பதில் ரயில் அட்டவணை, வரைபடம் என்று கையில் கொடுத்து விடை கண்டுபிடிக்கச் சொன்னார். ‘பத்து மணி நேர்காணலுக்கு எழும்பூர் போய்ச் சேர, மதுரையில் எந்த வண்டியைப் பிடிக்கணும்?’ என்று கேட்டுப் பாருங்கள், கடைசி பெஞ்சும் வாதாடும். பிள்ளைகளின் அரைகுறை ஆங்கிலம் ஒருவருக்கொருவர் தொற்றும் என்று பிரபு குழுவேலையைத் தவிர்த்தார். அதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பெரிய வகுப்பில் ஜோடி சேர்க்காமல் எல்லோருக்கும் பேச நேரம் கிடைக்காது.

தப்பாகப் பேசினால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள் சார். (பிளஸ் ஒன் மாணவி)

வகுப்பில் முதலில் சிரித்தது யார் என்று கவனிம்மா. பல நேரம் ஆசிரியரே குறுக்கே புகுந்து திருத்தும்போதுதான் அது ஆரம்பிக்கும். முழுசா சொல்லி முடித்தபின் திருத்தச் சொல்லி உங்க டீச்சர்கிட்ட கேளு. தமிழில் கேட்டாலும் பரவாயில்லை.