இன்டர்னலில் 34 வாங்கியவருக்கு அரியர் ஏன்?

கேள்வி: என் மகன் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, 2024இல் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் பிரிவில் சேர்ந்தான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். இப்போது முதல் செமஸ்டர் கணிதம், மூன்றாம் செமஸ்டர் தெர்மோடைனமிக்ஸ், இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் என மூன்று அரியர் நிற்கின்றன. தெர்மோடைனமிக்ஸில் இன்டர்னல் 40க்கு 34 வாங்கியவன் எப்படித் தோற்றான்? தேர்வு நாள்களில் இரவு இரண்டு மணி வரை படிக்கிறான். எங்கள் ஊரில் ஒருவர், பாடத்துக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்தால் மறுமதிப்பீட்டில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? – ஒரு தந்தை, சங்கரன்கோவில்.

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இந்த ஆட்கள் தொழில் செய்யும் விதம் மிக எளிது. இருபது பேரிடம் பணம் வாங்குவார்கள். விண்ணப்பத்தை மாணவரையே போடச் சொல்வார்கள். அதன் பிறகு ஒன்றுமே செய்ய மாட்டார்கள். மறுமதிப்பீட்டில் தம் சொந்த விடைத்தாளின் பலத்தாலேயே தேறும் நாலைந்து பேரின் பணத்தைத் தம்முடையதாக்கிக்கொண்டு, மற்றவர்களுக்கு ‘இந்த முறை கைகூடவில்லை’ என்று திருப்பிக் கொடுத்து நாணயஸ்தர் என்ற பெயரையும் சம்பாதித்துக்கொள்வார்கள். உண்மையிலேயே உள்ளே ஆள் வைத்திருப்பவரிடம் சிக்கினால் இன்னும் ஆபத்து. 2017ஆம் ஆண்டுத் தேர்வுகளின் மறுமதிப்பீட்டில் பணம் கைமாறியதாக 2018இல் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிவு செய்ததை நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். அப்படிப்பட்ட விசாரணையில் உங்கள் மகனின் பதிவு எண் அகப்பட்டால், மூன்று அரியரோடு முடிந்திருக்க வேண்டிய தொல்லை பட்டத்தையே காவு கேட்கும்.

இனி அந்த 34. உங்கள் மகன் 2021 விதிமுறையின் கீழ் படிக்கிறார். அதன்படி எழுத்துத் தேர்வுப் பாடம் ஒன்றுக்குக் கல்லூரியே போடும் இன்டர்னல் 40, பல்கலைக்கழகத் தேர்வு 60. பல்கலைக்கழகத் தேர்வை நூறு மதிப்பெண்ணுக்கு எழுதி, அதை அறுபதுக்குச் சுருக்குகிறார்கள். இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. பல்கலைக்கழகத் தேர்வில் மட்டும் தனியாக நூற்றுக்கு 45 வாங்கியிருக்க வேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. இந்த இரண்டாவதைப் பல மாணவர்கள் அரியர் விழுந்த பிறகுதான் கேள்விப்படுகிறார்கள். நூற்றுக்கு 44 எடுத்திருந்தால் அது 26.4 ஆகும், 34ஐக் கூட்டினால் மொத்தம் அறுபதைத் தாண்டும், ஆனாலும் தோல்விதான். மறுபுறம், இன்டர்னல் 15 மட்டும் வாங்கியவர் தேறுவதற்குத் தேர்வில் 59 எடுக்க வேண்டும். ஆக, நல்ல இன்டர்னல் சுமையைக் குறைக்குமே தவிர, தேர்வு அறையில் 45 எடுக்கும் வேலையை எவருக்கும் மிச்சப்படுத்தாது. தேர்வு முடிவில் மதிப்பெண்ணைக் காட்டாமல் எழுத்துத் தரத்தை மட்டும் வெளியிடுவதால், 44இல் தவறினோமா 14இல் தவறினோமா என்பதே மாணவருக்குத் தெரிவதில்லை. தவறிய மாணவருக்குத் தவறிய தூரத்தைச் சொல்லாமல் மறைப்பதால் யாருக்கு என்ன ஆதாயம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த இருட்டில்தான் தரகர் கடை விரிக்கிறார்.

இரவு இரண்டு மணி வரை படிக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிப் படிக்கிறார் என்று ஒரு நாள் அருகில் அமர்ந்து பாருங்கள். பெரும்பாலும் நோட்டைத் திறந்து வைத்து, ஏற்கெனவே கோடிட்ட வரிகளின்மீது மீண்டும் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பார். படித்தது பழகிய முகமாகத் தெரியும். அந்தப் பழக்கத்தையே அறிவு என்று மனம் நம்பிவிடும். அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த மாணவர்கள், ஒருமுறை வாசித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பார்த்த மாணவர்களைவிட ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த தேர்விலோ எழுதிப் பார்த்தவர்களே தெளிவாக முந்தினார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களுக்குத் தன்னம்பிக்கை மட்டும் அதிகமாக இருந்தது என்பதுதான் வேதனை. உங்கள் மகனுக்கும் தேர்வுக்கு முந்தைய இரவில் எல்லாம் தெரிந்ததுபோல்தான் இருந்திருக்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. அன்று நடந்த பாடத்தை அன்று மாலையே, நோட்டை மூடிவைத்துவிட்டு, இருபது நிமிடம் வெற்றுத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். விட்டுப்போனவற்றை வேறு நிற மையால் நிரப்ப வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்து மறுபடி, ஒரு வாரம் கழித்து மறுபடி. மொத்த நேரத்தைக் கூட்டினால் இப்போது விழிப்பதைவிடக் குறைவாகவே இருக்கும். முதல் இரு வாரம் பாதிக்குமேல் நினைவுக்கு வராது, எரிச்சலாக இருக்கும். அப்போது விட்டுவிடக் கூடாது. இரவு பதினொன்றுக்குப் படுக்கட்டும்.

அடுத்த பொறி, ‘முக்கியக் கேள்விகள்’ என்ற பெயரில் டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்கள். இலவசமாக வருவதும் உண்டு, ஐம்பது நூறு ரூபாய்க்கு விற்கப்படுவதும் உண்டு. ‘மூன்று யூனிட் போதும், பாஸ்’ என்பது அவற்றின் தாரக மந்திரம். வினாத்தாளை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பாடத்துக்கு ஐந்து யூனிட். இரண்டு மதிப்பெண் வினா பத்து, யூனிட்டுக்கு இரண்டு. பதின்மூன்று மதிப்பெண் வினா ஐந்து, யூனிட்டுக்கு ஒன்று. பதினைந்து மதிப்பெண்ணுக்கு ஒன்று. ‘இது அல்லது அது’ என்று வினாவைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வழக்கமாக ஒரே யூனிட்டுக்குள்தான் கிடைக்கும். மூன்று யூனிட்டை மட்டும் படித்தவருக்குக் கையில் உறுதியாக இருப்பது 12ம் 39ம், ஆக 51. அதில் 45 எடுக்க வேண்டுமென்றால் ஆறு மதிப்பெண்ணுக்குமேல் எங்கும் சறுக்கக் கூடாது. பல்கலைக்கழகத் தேர்வில் அப்படி எழுதக்கூடியவர் மூன்று யூனிட்டோடு நிற்க மாட்டார். ஐந்து யூனிட்டையும் பாதி ஆழத்துக்குப் படித்தவரே பெரும்பாலும் கரையேறுகிறார். கல்லூரிகளும் இதில் சளைத்தவை அல்ல. மாலை ஏழு மணி வரை ‘கோச்சிங்’ என்று உட்காரவைத்து, அதே பிடிஎஃப்பின் விடைகளைப் பத்து முறை எழுதச் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்து எழுதுவது கைக்குப் பயிற்சி. நினைவுக்கு அதனால் பயனில்லை. பழைய வினாத்தாள்களை வாசித்துப் பார்க்காமல், மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து எழுதிப் பார்ப்பதே அவற்றின் சரியான பயன்.

மேலே சொன்ன முறைக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அது உங்கள் மகனுக்கு நேராகப் பொருந்துவதால் சற்று விரித்துச் சொல்கிறேன். அடிப்படை இல்லாத கணக்குப் பாடத்தில், மூடிவைத்து எழுதிப் பார்ப்பது வெறும் சித்திரவதை. முதல் செமஸ்டர் கணிதத்துக்கு வேண்டிய வகையிடலும் தொகையிடலும் அணிக்கோவையும், மெக்கானிக்ஸுக்கு வேண்டிய வெக்டரும் எங்கே இருக்கின்றன தெரியுமா? நம் பிளஸ் ஒன் கணிதப் பாடநூலின் இரண்டாம் தொகுதியில். அந்தப் பிளஸ் ஒன்னைத்தான் பள்ளிகள் பல அவசரமாகத் தாண்டிப் போகின்றன. அதைத் தடுக்கவும் சேர்த்துத்தான் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத் தேர்வு வந்தது. மாநிலக் கல்விக் கொள்கையின்படி 2025-26 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். போகட்டும். அந்த ஒரு நூலைத் தமிழிலேயே, பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். முதலில் எடுத்துக்காட்டுக் கணக்கைப் புத்தகத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு படியும் ஏன் வந்தது என்று தாளில் குறித்துக்கொண்டே பின்தொடர வேண்டும். பிறகு அதே கணக்கை மூடிவைத்துச் செய்ய வேண்டும். பிறகுதான் பயிற்சிக் கணக்கு. அதுவும் ஒரே வகையில் இருபது போடாமல், வகைகளைக் கலந்து போட வேண்டும், ஏனென்றால் எந்த முறையைக் கையாள்வது என்று வினாத்தாள் சொல்லித் தராது. ஆறு வாரம் இப்படிச் செய்தால் இரண்டு அரியருக்கு ஒரே அடித்தளம் கிடைக்கும். தெர்மோடைனமிக்ஸில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: தேர்வு அறையில் அனுமதிக்கப்படும் ஸ்டீம் டேபிளை, அதாவது நீராவியின் பண்புகளைத் தரும் அட்டவணை நூலை, அவர் வீட்டில் எத்தனை நாள் புரட்டியிருக்கிறார்? அறைக்குள் முதன்முறையாக அதைத் திறந்து, எந்தப் பக்கத்தில் என்ன என்று தேடுபவர்கள் ஏராளம்.

தமிழ்வழி மாணவர் என்பதால் மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தமிழில் புரிந்துகொள்வதில் எந்த இழுக்கும் இல்லை. விடையை மட்டும் ஏழெட்டுச் சொற்களுக்கு மிகாத சிறு ஆங்கில வாக்கியங்களாக எழுதட்டும். படமும் அலகும் தவறாமல் இருக்கட்டும். அலங்கார ஆங்கிலத்துக்கு மதிப்பெண் கிடையாது. பன்னிரண்டு ஆண்டு தமிழில் படித்த பிள்ளையைச் சில நாள் வரவேற்புரைகளுக்குப் பிறகு ஆங்கிலப் பாட அறைக்குள் தள்ளிவிட்டு, தோற்றபின் ‘கவனம் போதாது’ என்று பெற்றோரை அழைத்துச் சொல்வது கல்லூரிகளின் வழக்கமாகிவிட்டது. அப்படி அழைத்தால், எந்த யூனிட்டில் எந்த வகைக் கேள்வியில் தவறுகிறார் என்று பாட ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

முடிவு வந்து அதிக நாள் ஆகியிருக்காது என்றால், விடைத்தாள் நகலுக்குக் கல்லூரி வழியாக உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதற்குரிய நாள்கள் மிகக் குறைவு. கட்டணம் தரகர் கேட்பதில் ஒரு சிறு பங்குதான். நகல் வந்ததும் பாட ஆசிரியரிடம் காட்டுங்கள். 40க்குமேல் இருந்து, திருத்தாமல் விட்ட விடையோ கூட்டல் பிழையோ தெரிந்தால் மறுமதிப்பீட்டுக்குப் போகலாம். இருபதுகளில் இருந்தால் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு, அந்த நகலையே மேசைமேல் வைத்து, எந்த யூனிட்டில் தாள் வெறுமையாக இருக்கிறது என்று பார்த்து, அடுத்த தேர்வுக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.