‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று போட்டிருக்கிறது, மொத்தமாக விற்றுவிடலாமா?

கேள்வி: பெரியப்பா காலமான பிறகு அவருடைய ஆங்கிலப் புத்தகங்கள் எங்களிடம் வந்தன. முந்நூறுக்குக் குறையாது, பெரும்பாலும் அமெரிக்க நாவல்கள். பலவற்றில் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று அச்சாகியிருக்கிறது. பழைய புத்தக வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். இந்த வாரமே பதில் வேண்டுமாம். இணையத்தில் அதே புத்தகங்களுக்குப் பல மடங்கு விலை போட்டிருக்கிறார்கள். கொடுத்துவிடலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள். அவர் சொன்ன தொகை நியாயமாகக்கூட இருக்கலாம். ஆனால் பல வருடம் அலமாரியில் இருந்த புத்தகங்களை ஒரே வாரத்தில் விற்றாக வேண்டிய அவசரம் உங்களுக்கு இல்லை, அவருக்குத்தான் இருக்கிறது. மொத்தமாகக் கேட்பவர்கள் பெரும்பாலும் நாலைந்து புத்தகங்களைக் கண்ணில் குறித்துவிட்டுத்தான் கேட்பார்கள். மற்றவை அவர்களுக்குச் சுமை. எந்த நாலைந்து என்று உங்களுக்குத் தெரியாதவரை பேரம் உங்கள் கையில் இல்லை.

சரி, அந்த நாலைந்தை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது?

தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் காப்பிரைட் பக்கம் வரும். அங்கே ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்று இருப்பது மட்டும் போதாது. சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது முதல் பதிப்பின் முதல் அச்சுக்கு. மறு அச்சுப் போடும்போது அந்த வார்த்தைகளை எடுக்காமல் விட்டுவிடும் பதிப்பகங்கள் ஏராளம். அதனால் அதே பக்கத்தில் கீழே 10 9 8 7 6 5 4 3 2 1 என்பது போல ஓர் எண் வரிசை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் இருக்கும் மிகச் சிறிய எண்தான் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 1 இருந்தால் முதல் அச்சு. மிகச் சிறிய எண் 4 என்றால் நான்காவது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்களிடம் இருப்பவை அமெரிக்க நாவல்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரேண்டம் ஹவுஸ் பதிப்பகம் பல ஆண்டுகள் முதல் அச்சிலேயே எண் வரிசையின் மிகச் சிறிய எண்ணாக 2-ஐத்தான் போட்டது. கூடவே ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வார்த்தைகளையும் போட்டது. இரண்டாம் அச்சு வரும்போது அந்த வார்த்தைகளை மட்டும் எடுத்துவிடும். எண் 2 அப்படியே நிற்கும். ஆகவே அந்த வார்த்தைகளும் 2-உம் சேர்ந்திருந்தால் முதல் அச்சு. வார்த்தைகள் இல்லாமல் 2 மட்டும் இருந்தால் இரண்டாம் அச்சு. ஏமாற்று இதில் இரண்டு பக்கமும் நடக்கும். வாங்கும்போது, “பாருங்க, ரெண்டுன்னு போட்டிருக்கு, ரெண்டாவது அச்சு, இதுக்கு விலையே இல்லை” என்பார்கள். விற்கும்போது அதே ஆள், வார்த்தைகள் இல்லாத பிரதியைக் காட்டி, “இந்தக் கம்பெனியில ரெண்டுன்னா முதல் அச்சுதான்” என்பார். பெரியப்பாவின் அலமாரியில் இந்தப் பதிப்பகத்தின் புத்தகங்களைத் தனியே அடுக்கி, இரண்டு அடையாளங்களையும் சேர்த்தே பாருங்கள். மற்றப் பதிப்பகங்களுக்கு இந்தக் கணக்கைப் பொருத்தாதீர்கள்.

எண் வரிசை பரவலாகும் முன்பு ஒவ்வொரு பதிப்பகமும் ஒவ்வொரு வழி வைத்திருந்தது. ஸ்கிரிப்னர்ஸ் 1930 முதல் முதல் அச்சில் ஆங்கில எழுத்து வரிசையின் முதல் எழுத்தை ஒற்றையாகப் போட்டது. வேறு சிலர் எதுவுமே போடாமல் இருந்தார்கள். மறு அச்சில்தான் ஏதாவது எழுதுவார்கள். ‘இது இத்தனையாவது அச்சு, இந்த வருடம்’ என்று ஒரே ஒரு வரி போடுவதற்கு இந்தத் தொழிலுக்கு இத்தனை காலம் போதவில்லை! வாசகர் குழம்ப, அந்தக் குழப்பத்தில் தரகர் பிழைக்கிறார்.

ஐஎஸ்பிஎன் எண்ணையும், அதாவது புத்தகத்துக்குத் தரப்படும் அடையாள எண்ணையும், பாருங்கள். அது 1970-இல்தான் பன்னாட்டுத் தரமாக வந்தது. 2007 ஜனவரியிலிருந்து 10 இலக்கம் 13 ஆனது. 1950-களின் முதல் பதிப்பு என்று ஒருவர் காட்டும் புத்தகத்தில் ஐஎஸ்பிஎன் அச்சாகியிருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

அப்புறம் புத்தகக் கிளப் பிரதிகள். 1926-இல் தொடங்கிய ‘புக் ஆஃப் தி மந்த் க்ளப்’ போன்றவை உறுப்பினர்களுக்காகத் தனியாக அச்சிட்டு அனுப்பியவை இவை. மூலப் பதிப்பின் அச்சுத் தகடுகளையே பயன்படுத்தியதால் ‘ஃபர்ஸ்ட் எடிஷன்’ என்ற வார்த்தைகளும் சில சமயம் அப்படியே வந்துவிடும். பெரியப்பா தலைமுறையின் அலமாரிகளில் இவை நிறையவே இருக்கும். மேலுறையின் முன்மடிப்பில் விலை இல்லை, பின்னட்டையின் கீழ் மூலையில் சிறு பள்ளமாக ஓர் அழுத்தக் குறி, கையில் எடுத்தால் எடை குறைவு என்றால் பெரும்பாலும் கிளப் பிரதிதான். படிக்க நன்றாக இருக்கும், விலை போகாது.

மேலுறை என்றேனே, அட்டைக்கு மேல் சுற்றியிருக்கும் அந்தக் காகிதம், அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டு நாவல்களில் விலையின் பெரும்பகுதி அதில்தான் இருக்கிறது. கிழிந்திருந்தால் கிழிந்தபடியே இருக்கட்டும். செல்லோ டேப் ஒட்டவே கூடாது. அதன் பசை காகிதத்தில் ஊறிப் பழுப்பாகிவிடும், பிறகு எடுக்க முடியாது. நூலக முத்திரை விழுந்த பிரதிகளை ஓரமாக வைத்துவிடலாம்.

இணைய விலைக்கு வருகிறேன். நீங்கள் பார்த்தது விற்பவர் கேட்கும் விலை. யாரும் கொடுத்த விலை அல்ல. வருடக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பிரதிக்கும் அந்தப் பெரிய எண் தொங்கிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் விலையையும் ஏற்றுவார். ஏலத்தளங்களில் ‘விற்று முடிந்தவை’ என்று தனியே வடிகட்டும் வசதி உண்டு. அதே அச்சு, அதே நிலை, மேலுறையோடு எவ்வளவுக்குப் போனது என்று அங்கே பாருங்கள். பார்த்தால் மனசு கொஞ்சம் இறங்கும். லட்சக்கணக்கில் அச்சான புகழ்பெற்ற நாவலின் முதல் அச்சுக்குப் பெரிய கிராக்கி இருப்பதில்லை. எழுத்தாளர் பெயர் வாங்குவதற்கு முன்னால் குறைவாக அச்சான முதல் புத்தகம் என்றால் விஷயம் வேறு.

தேறுபவை என்று தோன்றுகிறவற்றின் அட்டை, காப்பிரைட் பக்கம், மேலுறை மடிப்பு மூன்றையும் படம் எடுத்து, வாங்காத ஒருவரிடம் காட்டுங்கள். இதைத்தான் நான் சலிக்காமல் சொல்லி வருகிறேன்: விலை மதிப்பவரே வாங்குபவராக இருக்கக் கூடாது. ஏல நிறுவனங்களில் படத்தைப் பார்த்து உத்தேச மதிப்புச் சொல்பவர்கள் உண்டு. ஐலாப் என்ற பன்னாட்டுப் பழம்புத்தக விற்பனையாளர் கூட்டமைப்பின் உறுப்பினர்களுக்கு எழுதப்பட்ட ஒழுங்குவிதிகள் உண்டு, அங்கிருந்தும் தொடங்கலாம். ‘எழுத்தாளர் கையெழுத்து அசல்’ என்று சான்றிதழ் அடித்துத் தருகிறேன், கட்டணம் முன்பணமாக வேண்டும் என்று வருபவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

உங்கள் வியாபாரிக்கு இப்படிச் சொல்லுங்கள்: “பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறோம், முடிந்ததும் புத்தகத்துக்குப் புத்தகம் விலை சொல்லுங்கள்.” நேர்மையானவர் காத்திருப்பார், விலை போகாத மீதியை எடுத்துக்கொள்ளவும் அவரே உதவுவார். “நாலு மட்டும் கொடுங்க, பார்த்துட்டுத் தரேன்” என்றால் தலைப்பு, பதிப்பகம், வருடம், நிலை எல்லாம் எழுதி அவர் கையெழுத்து வாங்காமல் ஒரு புத்தகமும் வெளியே போகக் கூடாது.