மூலையில் முழங்கும் சப்வூஃபர்: ஹோம் தியேட்டர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "பேஸ் சரியில்லை, வேற சப் வாங்கலாமா?" என்பதுதான். (பேஸ் என்பது தாழ்ந்த, அதிரும் ஒலி. அதற்கென்றே இருக்கும் ஸ்பீக்கர்தான் சப் என்கிற சப்வூஃபர்.) மதுரை டவுன் ஹால் ரோட்டுக் கடைகளுக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மதுரையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நான் போய்ப் பார்த்த வீடுகளில், பொருளை மாற்றித் தீர்ந்த குறை கொஞ்சம்தான். இடத்தை மாற்றித் தீர்ந்ததே அதிகம்.

கேள்வி (வில்லாபுரம்): அண்ணே, எங்க ரூம் 12-க்கு 12. பத்து இன்ச் சப்வூஃபரை டிவி பக்கத்து மூலையில வச்சிருக்கேன். சோபா ரூமுக்கு நடுவுல. எனக்கு பேஸே கேக்கல. பின்னாடி சுவத்துல சாஞ்சு உக்காந்திருக்க எங்கப்பா மட்டும் "குறைடா, நெஞ்சு அதிருது"ங்கிறார். பன்னிரண்டு இன்ச் வாங்கிட்டா சரியாகுமா?

பதில்: ஆகாது தம்பி. அப்பாவுக்கு இன்னும் அதிரும், உங்களுக்கு இப்போது கேட்காதது அப்போதும் கேட்காது.

நம் ஊர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,150 அடி போகிறது. 48 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 48 முறை அதிரும் பேஸ் ஒலியின் ஓர் அலை நீளம் 24 அடி. உங்கள் ரூம் சரியாக அதில் பாதி. அதனால் அந்த அலை எதிரெதிர்ச் சுவர்களில் பட்டுத் திரும்பி, தன்மேலேயே விழுந்து, ரூமுக்குள் ஒரே இடத்தில் நின்றுகொள்கிறது. சுவர் ஓரத்தில் அழுத்தம் உச்சம். நட்டநடுவில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. நீங்கள் உட்கார்ந்திருப்பது அந்த நட்டநடுவில். அப்பா உச்சத்தில். போதாததற்கு உங்கள் ரூம் சதுரம். நீளத்துக்கு வரும் 48 ஹெர்ட்ஸே அகலத்துக்கும் வருகிறது, இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. 15-க்கு 11 என்று நீள்சதுர ரூம் வாய்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இரண்டு வேறு அதிர்வெண்களில் பிரிந்துவிடும், இவ்வளவு உறைக்காது.

மூலை என்பது இரண்டு சுவர்களும் தரையும் சேரும் இடம். அங்கே வைத்த சப், ரூமின் எல்லா ஒத்ததிர்வுகளையும், அதாவது மேலே சொன்னபடி நின்றுகொள்ளும் அலைகளை, ஒருசேரக் கிளப்பிவிடும். சத்தம் கூடும், சீர் கெடும். எனவே முதல் வேலையாக சப்பை மூலையிலிருந்து எடுத்து டிவி சுவரின் நடுப்பகுதிக்குக் கொண்டு வாருங்கள். அகலவாட்டு ஒத்ததிர்வுக்கு அது செத்த இடம், அங்கிருந்து அதைக் கிளப்பவே முடியாது. பிறகு சோபாவை ஒன்றரை அல்லது இரண்டடி பின்னால் தள்ளுங்கள், பின்சுவருக்கும் உங்கள் தலைக்கும் நாலடியிலிருந்து நாலரை அடி இருக்கும்படி. அப்பாவையும் சுவரை விட்டு உங்கள் பக்கத்துக்கே வரச் சொல்லுங்கள்.

இதிலும் திருப்தி இல்லையென்றால் பழைய முறை ஒன்று இருக்கிறது. சப்பைத் தூக்கி சோபாவில், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். பேஸ் ஓடவிட்டு, சப் வைக்கத் தோதான இடங்களில் எல்லாம் தரையோடு தரையாகக் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் பேஸ் தெளிவாகவும் சீராகவும் கேட்கிறதோ அதுவே சப்பின் இடம். ஒலி இங்கிருந்து அங்கே போனாலும் அங்கிருந்து இங்கே வந்தாலும் ரூம் அதை ஒரே மாதிரிதான் நடத்தும் என்பதால் இந்த முறை பலிக்கிறது. ஒரே டிரம் அடி திரும்பத் திரும்ப வரும் பாட்டை இதற்கு எடுக்காதீர்கள். அது ஒரு அதிர்வெண்ணை மட்டுமே சோதிக்கும். பேஸ் கிடார் மேலும் கீழும் நடமாடுகிற பாட்டாக இருக்கட்டும். செல்போனில் 20 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை ஏறும் டோன் கிடைத்தால் இன்னும் நல்லது.

கையில் பணம் இருந்தால் பெரிய சப் ஒன்றை விட, இப்போது இருப்பது போலவே இன்னொன்று வாங்கி எதிர்ச்சுவரின் நடுவில் வையுங்கள். ஹர்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஆய்வாளர் டாட் வெல்டி 2002-இல் பல விதமாக சப்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தார். எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைப்பது, செலவுக்குத் தகுந்த நல்ல ஏற்பாடு என்று அதில் தெரிந்தது. சதுர ரூமுக்கு இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மதுரைத் தங்கம் தியேட்டர் மாதிரி பெரிய அரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்கள், அந்த பேஸ் வீட்டில் வரவில்லையே என்று ஏங்குகிறார்கள். 100 அடி நீள அரங்கில் முதல் ஒத்ததிர்வு 6 ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் விழும். காதுக்கே எட்டாது. வீட்டு ரூமில் அது பேஸின் நட்டநடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. குறை உங்கள் சப்பில் இல்லை.

கேள்வி (திருநகர்): சண்டைக் காட்சியில் காது கிழிகிறது, வசனம் மட்டும் புரியவில்லை. சென்டர் ஸ்பீக்கர் மட்டமானதா?

பதில்: அனுப்பிய படத்தைப் பார்த்தேன். வசனம் வரும் அந்த சென்டர் ஸ்பீக்கர் ஷோகேஸ் தட்டுக்குள் ஓரடி உள்ளே தள்ளி, முழங்கால் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பொந்துக்குள் எதிரொலித்துக் குழம்பித்தான் குரல் வெளியே வருகிறது. ஸ்பீக்கரின் முகம் தட்டின் விளிம்புக்கு வரும்வரை இழுங்கள். அடியில் முன்பக்கம் ரப்பர் கட்டை கொடுத்து, முகம் உங்கள் காதைப் பார்க்கும்படி நிமிர்த்துங்கள். ரிசீவரில் (எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சென்டர் அளவை மட்டும் 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள்.

அதற்கும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். டிவியின் ஆடியோ அவுட்புட் 'பி.சி.எம்.' என்று இருந்தால் பல டிவிகள் வெறும் ஸ்டீரியோவைத்தான் அனுப்பும். அதை 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'பாஸ் த்ரூ' என்று மாற்றுங்கள்.

எங்கே உட்கார்ந்து பார்க்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். சோபாவில் உட்கார்ந்தால் காது தரையிலிருந்து மூன்றடிக்குச் சற்று மேல். நம் வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்தபின் குடும்பமே பாயை விரித்துத் தரையில்தான் உட்காரும். அப்போது காது இரண்டேகால் அடியில் இருக்கும். ட்வீட்டர் (கீச்சு ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) எந்த உயரத்துக்குக் குறி வைக்கவேண்டும் என்பதை கம்பெனியின் படத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் வீட்டுப் பழக்கத்தை வைத்து முடிவு செய்யுங்கள். கிரானைட் தரையும் வெற்றுச் சுவரும் வசனத்தைக் கெடுப்பவைதான். முன்ஸ்பீக்கர்களுக்கும் உங்களுக்கும் நடுவே தடிமனான ஜமக்காளம் ஒன்றை விரித்துப் பாருங்கள், அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மெல்லிய சுங்குடித் துணியைத் திரையாகத் தொங்கவிட்டால் அழகாக இருக்கும், ஆனால் ஒலியை அது பிடித்து வைக்காது.

கேள்வி (வடக்கு மாசி வீதி): தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு, கூரை 13 அடி. அட்மாஸுக்கு மேல்நோக்கி ஒலிக்கும் ஸ்பீக்கர் வாங்கச் சொல்கிறார்கள். எடுக்குமா?

பதில்: வாங்காதீர்கள். அட்மாஸ் என்பது தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி நிறுவனத்தின் முறை. அந்த வகை ஸ்பீக்கர், ஒலியைக் கூரையில் மோதவிட்டு உங்கள் தலைமேல் இறக்குகிறது. சமதளமான கூரை இருந்தால்தான் அது நடக்கும். உயரமும் ஏறத்தாழ 8 முதல் 12 அடிக்குள் இருப்பது நல்லது. 14 அடிக்கு மேல் டால்பியே வேண்டாம் என்கிறது. உங்கள் கூரை சமதளமே இல்லை. வரிசையாகத் தேக்கு உத்தரக்கட்டைகள், அவற்றின்மேல் செங்கல்லைக் குத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டது. கட்டைகளில் பட்டு ஒலி சிதறிவிடும்.

ஆனால் அதே கூரை உங்களுக்கு ஒரு வரம். சிமென்ட் பெட்டி மாதிரி இருக்கும் புது ஃபிளாட்டுகளில் கைதட்டினால் கேட்கும் 'டிங்' என்ற ஓசை, இந்த வீடுகளில் அநேகமாக இருக்காது. அந்தக் கூரையை ஃபால்ஸ் சீலிங் போட்டு மூடிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செய்யவேண்டியது இதுதான். சிறிய ஸ்பீக்கர் இரண்டை டிவி சுவரிலேயே இடதும் வலதுமாகப் பத்தடி உயரத்தில் மாட்டுங்கள், முகம் உங்களைப் பார்த்துக் கீழே சாய்ந்திருக்கட்டும். ரிசீவரில் 'ஃபிரண்ட் ஹைட்' என்று தேர்ந்தெடுங்கள். நீங்கள் ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்தால் கோணம் 38 டிகிரி வரும். 30 முதல் 45 வரை இருக்கலாம் என்பதால் இது சரி. தேக்குக் கட்டையில் துளை போட வேண்டாம். பழைய காரைச் சுவரில் சாதாரண பிளக் இளகிவிடும், செங்கல்வரை போகும் நீளமான ஆங்கர் கேளுங்கள்.

கேள்வி (உசிலம்பட்டி): அசெம்பிள்டு 5.1 ஆம்ப்ளிஃபயர். காரில் இருந்த 12 இன்ச் ஊஃபரைக் கழற்றி ஆசாரியிடம் பாக்ஸ் செய்து போட்டேன். காரில் பிளந்து கட்டியது, ஹாலில் சப்பென்று இருக்கிறது. முன்ஸ்பீக்கரைச் சேர்த்து ஓடவிட்டால் இன்னும் குறைகிறது.

பதில்: இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. காரின் உட்புறம் மிகச் சிறியது. அந்த அடைசலே கீழ் பேஸைத் தூக்கிக் கொடுக்கும். கார் ஊஃபரை வடிவமைப்பவர்கள் அதை நம்பித்தான் வடிவமைக்கிறார்கள். உங்கள் ஹாலில் அந்த உதவி கிடையாது. ஊஃபருக்கான பாக்ஸ் கொள்ளளவு எத்தனை லிட்டர் என்று அதன் தாளில் போட்டிருக்கும். அதைப் பார்த்து, 18 எம்.எம். பலகையில் காற்று கசியாமல் மறுபடி செய்யச் சொல்லுங்கள். கண்ணளவில் செய்த பாக்ஸ் ஊஃபரைக் கொல்லும். 4 ஓம் ஊஃபர் என்றால் ஆம்ப் போர்டு 4 ஓம் தாங்குமா என்று அதைச் செய்து கொடுத்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சேர்த்து ஓட்டும்போது குறைகிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. எங்கேயோ பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கிறது, இரண்டும் கழிந்துபோகின்றன. ஆம்ப்பிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பேட்டரியை ஒயர் முனையில் ஒரு கணம் தொடுங்கள். பேட்டரியின் பிளஸ் ஸ்பீக்கரின் பிளஸ்ஸில் பட்டால் கோன் (ஸ்பீக்கரின் அசையும் கூம்பு) வெளியே வரவேண்டும். உள்ளே போனால் ஒயர் மாறியிருக்கிறது என்று அர்த்தம். சப் உட்பட எல்லா ஸ்பீக்கரையும் இப்படிப் பாருங்கள். அதன்பிறகும் குறைவாகத் தெரிந்தால், சப்பின் இரண்டு ஒயரையும் மாற்றிக் கொடுத்து, எப்படிப் போட்டால் உட்காரும் இடத்தில் பேஸ் கூடுகிறதோ அப்படியே விட்டுவிடுங்கள்.

கேள்வி (மேலூர்): ஸ்பீக்கர் ஒயர் என்று தனியாக விலை உயர்ந்தது வாங்கணுமா?

பதில்: வேண்டாம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் போதும். 10 மீட்டர் தூரத்துக்குப் போக வர 0.15 ஓம்தான் தடை. கிட்டத்தில் இருக்கும் ஸ்பீக்கருக்கு 1.5 தாராளம். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய ஒயரும் விற்கிறார்கள். கத்தியால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (அண்ணா நகர்): செட் டாப் பாக்ஸை இணைத்தால் சப்பில் 'ம்ம்ம்' என்று இரைச்சல்.

பதில்: கூரையிலிருந்து வரும் டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இரண்டு வழியாக வருவதுதான் காரணம். பாக்ஸிலிருந்து ரிசீவருக்குப் போகும் ஆடியோ ஒயரின் நடுவே ஐசோலேட்டர் (எர்த் தொடர்பைப் பிரிக்கும் சிறு பொருள்) ஒன்று போட்டால் தீரும். எல்லாப் பொருளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினாலும் பல வீடுகளில் தீர்ந்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் பிளக்கின் எர்த் பின்னை உடைக்காதீர்கள். உயிர் போகும் வேலை அது. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் இரைச்சல் வந்தால், அது சதுர அலை இன்வெர்ட்டர். சைன் அலை இன்வெர்ட்டருக்கு மாறவேண்டியிருக்கும்.

கேள்வி (ஒத்தக்கடை): ரிசீவரின் மைக் வைத்து அளந்தேன். ஒன்பது அடியில் இருக்கும் சப்பை 16 அடி என்று காட்டுகிறது. முன்ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று போட்டுவிட்டது. திருத்தலாமா?

பதில்: தூரத்தைத் தொடாதீர்கள். சப்பின் உள்ளே இருக்கும் ஃபில்டரால் அதன் ஒலி கொஞ்சம் தாமதமாக வருகிறது. அந்தத் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகக் கணக்கு வைக்கிறது. திருத்தினால் பேஸ் தாளம் தப்பும். 'லார்ஜ்' என்பதை மட்டும் 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ் ஓவரை (சப்புக்கும் மற்ற ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரிக்கும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். ஆறரை இன்ச் ஊஃபரைக் கீழ் பேஸ் போட்டு வதைக்க வேண்டாம், சப் அதைப் பார்த்துக்கொள்ளும். மறுபடி அளந்தால் ஃபேனை நிறுத்திவிட்டு, விடிகாலையில் ரோட்டில் லாரி ஓடும் முன் அளங்கள். மைக்கை சோபா முதுகின்மேல் வைக்காமல் ஸ்டாண்டில், காது உயரத்தில் நிறுத்துங்கள்.

கேள்வி (எஸ்.எஸ். காலனி): மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே ஹவுஸ் ஓனர் அம்மா பேஸ் தலைக்கு ஏறுகிறது என்கிறார். சப்புக்கு அடியில் ரப்பர் பேட் போட்டால் போதுமா?

பதில்: பெட்டி தரையை நேரடியாக அதிர வைப்பதை பேட் குறைக்கும். காற்று வழியாகத் தளத்தை ஆட்டும் பேஸை அது நிறுத்தாது. சப்பை உங்கள் சோபாவுக்குப் பக்கத்திலேயே, கை எட்டும் தூரத்தில் வையுங்கள். கிட்டத்தில் இருப்பதால் அளவை வெகுவாகக் குறைத்தாலும் உங்களுக்கு நிறைவாகக் கேட்கும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே எந்தத் திசையிலிருந்து ஒலி வருகிறது என்று காது பிரித்தறியாது என்பதால் படத்துக்கும் குறையில்லை. ராத்திரியில் ரிசீவரின் 'நைட் மோட்' போடுங்கள், உரத்த சத்தத்தை அது அடக்கி வைக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர்கள் படுக்கிற அறையில் போய் நீங்களே நில்லுங்கள். மேலே வீட்டில் ஒருவர் வால்யூமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றட்டும். எந்த எண்ணில் அதிர்வு கேட்கத் தொடங்குகிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து மணிக்கு மேல் அதற்கு இரண்டு எண் கீழேயே நிறுத்திவிடுங்கள்.