வீடு நிறைய ஆட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தந்தைக்கு 74 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோம். ஆனாலும் ‘எனக்கு யாருமே இல்லை’ என்கிறார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டும் இது என்ன புலம்பல் என்று உறவினர்கள் அவரையே குறை சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் சேர்த்தால் மனம் தேறுவாரா?

கே., தஞ்சாவூர்

அன்புள்ள கே.,

முதியோர் இல்லம் பற்றி அவரிடமே கேளுங்கள். உறவினர்களின் பேச்சை விட்டுத்தள்ளுங்கள். முதியவர் தனிமையில் வாடினால் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்பார்கள். கைவிடாத வீட்டில் வாடினால் அவரை நன்றிகெட்டவர் என்பார்கள். 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டமும் பராமரிப்பு என்று உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றையே குறிப்பிட்டது. இந்த நான்கும் கிடைத்தவருக்கு வேறென்ன குறை என்று ஊர் கேட்பதில் வியப்பில்லை.

என் தாய்மாமாவுக்கும் இதே நோய்தான். பத்திரம் படித்துச் சொல்லவும் மனு எழுதவும் ஊரார் அவரிடம்தான் வருவார்கள். நோய் முதலில் அவருடைய கையெழுத்தைச் சிறுக்கவைத்தது. பிறகு குரல் தணிந்தது, முகத் தசைகள் இறுகின. உள்ளுக்குள் மகிழ்ந்தாலும் முகம் அதைக் காட்டாமற்போவது இந்நோயின் இயல்பு என்பதை அறியாதவர்கள், தாங்கள் வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று எண்ணி வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். வந்தவர்களோ அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, ‘மாத்திரை ஒழுங்கா போட்டுக்கிறாரா? ராத்திரி தூங்குறாரா?’ என்று அத்தையிடம் விசாரித்தார்கள். மாமா பதிலுக்கு வாய் திறப்பதற்குள் அத்தை சொல்லி முடித்திருப்பார். வந்தவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருப்பார்.

உங்கள் கடிதத்தில் தந்தையின் வயது இருக்கிறது, நோய் இருக்கிறது. அவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு பேசிச் சிரிப்பார் என்று ஒரு வரிகூட இல்லை. பெற்ற தகப்பனைப் பற்றி மருத்துவமனைச் சீட்டைப் போல எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடவே இருந்து பார்ப்பவரின் அலுப்பு எனக்குத் தெரியும். அந்த அலுப்பில் நாம் மனிதரை விட்டுவிட்டு நோயோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிவிடுகிறோம்.

இந்நோய்க்குத் தரப்படும் லெவோடோபா என்ற மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் உடல் இளகும். சிலருக்குப் பேச்சும் ஓரளவு தெளியும். உங்கள் தந்தைக்கு அது எந்த நேரம் என்று இந்த ஆறு ஆண்டுகளில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்துக்கு அவருடைய பழைய கூட்டாளிகள் இரண்டொருவரை வரச்சொல்லுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். கேள்வியை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். பதில் வர எத்தனை நேரமானாலும் நீங்கள் இடையில் புகுந்து எடுத்துக்கொடுக்காதீர்கள்.