மார்கழிக் கடற்கரை: நாயும் உள்ளானும்

திருவான்மியூரிலிருந்து கோவளம் வரை காலையில் நாயோடு நடப்பவர்கள், குளிர்காலப் பறவைகளைப் பற்றிக் கேட்டவை.

கேள்வி: அண்ணா, மீனவர்கள் பக்கத்திலேயே நடமாடுகிறார்கள், உள்ளான் பறவைகள் அசைவதே இல்லை. என் லாப்ரடாரைக் கண்டால் மட்டும் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடுகிறது. அது யாரையும் கடிக்காதுங்க!

பதில்: கடிக்காது என்பது உங்களுக்குத் தெரியும், உள்ளானுக்குத் தெரியாதே. நாய், நரி எல்லாம் அதற்கு ஒரே கணக்கு. அது முட்டையிடும் தூந்திரத்தில், அதாவது வடதுருவத்தை ஒட்டிய மரமில்லாக் குளிர்வெளியில், கூட்டைச் சூறையாடுவதே துருவ நரிதான். மீனவர் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு நேராகப் போவார். நாய் மூக்கு இழுத்த பக்கமெல்லாம் ஓடும்.

உள்ளானில் சிறிய வகையான கொசு உள்ளானின் எடை 25 கிராம் அளவுதான். வடதுருவப் பக்கத்திலிருந்து வந்த அது, கோடைக்குள் திரும்பிப் போகக் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். எழுப்பிவிட்டால் தின்னும் நேரமும் போச்சு, தின்றதும் பறப்பதிலேயே கரைகிறது. நம் கரையில் ஓதம் ஏறி இறங்குவது ஒரு மீட்டர் அளவுதான் என்பதால், மேயக் கிடைப்பது முகத்துவாரச் சேறும் அலை நனைக்கும் குறுகிய பட்டையும்தான். அங்கே நாயின் வாரைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஈர மணலை விட்டு மேலேறி நடங்கள். கொத்துவதை நிறுத்தி இரண்டு மூன்று பறவைகள் தலை தூக்கினால், அதுதான் உங்கள் எல்லை. நாயை அங்கேயே உட்கார வையுங்கள். உட்கார்ந்துவிட்ட நாயைப் பெரும்பாலும் அவை கொஞ்ச நேரத்தில் பொறுத்துக்கொள்ளும். நின்று பார்க்க உங்களுக்கும் அதுதான் வசதி.

கேள்வி: காலையில் எல்லாமே கறுப்பு நிழலாகத் தெரிகிறது. பைனாகுலர் சரியில்லையோ?

பதில்: 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் வில்லை 42 மி.மீ.) இருந்தாலே தாராளம். கோளாறு பைனாகுலரில் இல்லை, வெயில் வரும் திசையில். நமக்குச் சூரியன் கடலிலிருந்து வருகிறது, அதுவும் மார்கழியில் தென்கிழக்காக. இருட்டோடு கிளம்பித் தெற்கே போங்கள், வெயில் வந்ததும் வடக்கே திரும்புங்கள். வெளிச்சம் முதுகுப்பக்கம் விழும். வாரை இடுப்பில் கட்டிக்கொண்டால் இரண்டு கையும் மிச்சம். இழுக்கிற நாயாக இருந்தால் மட்டும் வேண்டாம்!

கேள்வி: பழுப்புத்தலைக் கடற்காகம் என்கிறார்கள், தலை வெள்ளையாகத்தானே இருக்கிறது?

பதில்: அந்தப் பழுப்பு முட்டையிடும் பருவத்துக்கான உடுப்பு. லடாக், திபெத் ஏரிகளுக்குக் கிளம்பும் முன் மறுபடி ஏறும். இப்போது கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி, கறுத்த இறக்கை நுனியில் வெள்ளைப் பொட்டு, இவற்றை வைத்துக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி: மணலில் குடுகுடுவென ஓடும் குட்டிப் பறவைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றனவே சார்.

பதில்: நிறத்தை விடுங்கள், ஓட்டத்தைப் பாருங்கள். ஓடி, சட்டென நின்று, குனிந்து கொத்தினால் உப்புக்கொத்தி. அலை பின்வாங்கும்போது துரத்திப் போய், அலை திரும்பியதும் ஓடி வருகிற வெளிறிய பறவை சாண்டர்லிங். தலை நிமிராமல் கொத்திக்கொண்டே இருப்பது பெரும்பாலும் கொசு உள்ளான். உப்புக்கொத்தியிலும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம் இருந்தால் அது பட்டாணி உப்புக்கொத்தி.

கேள்வி: வலையிலிருந்து எறிந்த மீனை என் நாய் வாயில் கவ்வுகிறது. பரவாயில்லையா?

பதில்: விடவே கூடாது. கழித்துப்போடுவதில் பேத்தை மீன் இருக்கும், அதன் ஈரலிலும் சினையிலும் கொடிய நஞ்சு. மாற்று மருந்தும் கிடையாது. தின்றுவிட்டால் எச்சில் வடிகிறதா, தள்ளாடுகிறதா என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். செத்த பறவையையும் முகர விடாதீர்கள், பறவைக் காய்ச்சல் பயம் உண்டு.

கேள்வி: ஜனவரியில் ராத்திரி நடை போகலாமா?

பதில்: போகலாம், வார் கட்டாயம். பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் பருவம் அது. ஒரு குழியில் நூறு முட்டை போல இருக்கும், நாய்க்குத் தோண்ட ஐந்து நிமிடம் போதும். டார்ச்சும் வேண்டாம், வெளிச்சம் ஆமைக்குத் தொந்தரவு.

கேள்வி: கோடியக்கரைக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?

பதில்: கூடாது. அது 1967 முதல் வனவிலங்கு சரணாலயம். வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் நாயோடு நடப்பவர் சேரலாமா அக்கா? (அண்ணாவா அக்காவா தெரியவில்லை, மன்னிக்கவும்.)

பதில்: அண்ணாதான்! தாராளமாகச் சேரலாம். 2015 முதல் பொங்கல் நாட்களில் நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பார்த்து, கண்ட பறவைகளை எண்ணிக்கையோடு இ-பேர்டில் (பறவைப் பதிவுகளுக்கான இணையதளம்) ஏற்ற வேண்டும். பெயர் தெரியாததை ஊகித்து எழுதாமல் ‘உப்புக்கொத்தி வகை’ என்று போட்டால் போதும். காக்கையையும் விடாமல் எண்ணுங்கள், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.