ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காருவதற்குக்கூடச் சட்டம் தேவைப்பட்டது ஏன்?

வாடிக்கையாளர் எவரும் வராத பிற்பகலிலும் விற்பனைப் பெண்கள் உட்காரக் கூடாது, சுவரில் சாயவும் கூடாது என்பது பல கடைகளில் எழுதப்படாத விதியாக இருந்ததே காரணம். கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் தொழிலாளி விஜி முன்னெடுத்த 'பெண்கூட்டு' அமைப்பு, முதலில் கழிப்பறைக்காகவும் பின்னர் இருக்கைக்காகவும் போராடியது. கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் நின்றுகொண்டிருந்த பெண்களுக்கு இவ்விரண்டும் வெவ்வேறு கோரிக்கைகள் அல்ல. இத்தகைய போராட்டங்களின் விளைவாகவே கேரளம் 2018-இல், கடை ஊழியர்களுக்கு இருக்கை தரப்பட வேண்டும் எனத் தன் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடும் 2021-இல், 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஆண், பெண் என்ற வேறுபாடின்றி ஊழியர் அனைவருக்கும் இருக்கை தரப்பட வேண்டும் என்றது. ஆயினும், மேற்பார்வையாளரின் முறைப்புக்கு அஞ்சி எவரும் உட்காராததால், முக்காலியின் மேல் துணிக்கட்டுகள் அடுக்கப்பட்டிருக்கும் கடைகளை இன்றும் காணலாம்.