ஆச்சிக்குக் கரிவண்டி: எங்கே ஏறுவது, எங்கே இறங்குவது?

கேள்வி: அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதுகிறேன். ஆச்சிக்கு 76 வயது. செங்கோட்டை வழியாகப் புனலூருக்குக் கரிவண்டியில் போன கதையை இன்றும் சொல்லுவாள். கேட்டுக் கேட்டு என் ஆறு வயது மகனும் கரிவண்டி பார்க்க வேண்டும் என்கிறான். மே மாதம் நாங்கள் நாலு பேரும் ஊட்டி மலை ரயிலில் போகலாம் என்றிருக்கிறோம். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை டிக்கெட் எடுத்தால் போதும், அதுவே மலை ரயில்தான் என்கிறார்கள். சரிதானா? ஆச்சிக்கு முட்டுவலி உண்டு. வண்டியில் கழிப்பறை இருக்குமா? நெல்லையிலிருந்து எப்படிப் போனால் வசதி?

பதில்: மலை ரயில் என்பது சரி. ஆனால் நீங்கள் தேடும் வண்டி அதில்லை. ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையே இழுப்பது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும். ஊட்டி–குன்னூர் போய்விட்டு, 'புகையே வரலியே' என்று ஊர் திரும்புகிறவர்கள் நிறைய. சீசனில் ஊட்டியிலிருந்து விடும் குறுந்தூரச் சுற்றுலா ரயில்களும் டீசல்தான்.

ஆகவே முதலில் மேட்டுப்பாளையம்–குன்னூர் டிக்கெட்டுக்கு முயலுங்கள். ஊட்டி வரை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குன்னூரில் இறங்கிப் பேருந்தில் ஊட்டிக்குப் போய்க்கொள்ளலாம். இழப்பு பெரிதாக இல்லை. அதேபோல, ஏறுமுகமா இறங்குமுகமா என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஏறுமுகம். இறங்கும்போதும் நீராவி இன்ஜின்தான், ஆனால் அப்போது அதன் வேலை வண்டியைப் பிடித்து நிறுத்துவது. சிலிண்டர்களுக்குள் காற்றை இழுத்து அமுக்கி, அதன் எதிர்ப்பிலேயே வேகத்தை அடக்குவார்கள். ஆச்சி சொல்லும் அந்த 'குபுகுபு' சத்தம் ஏறும்போதுதான் முழுசாகக் கேட்கும்.

மலை ரயில் என்றாலே 'குறுகிய பாதை' என்று சொல்லுகிறவர்கள் உண்டு, அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. டார்ஜிலிங் ரயிலின் தண்டவாள இடைவெளி 610 மில்லிமீட்டர், கல்கா–சிம்லா 762. அவைதான் நேரோ கேஜ். நீலகிரி ரயில் ஒரு மீட்டர் அகலம். 2010 வரை செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் கிடந்ததும் இதே மீட்டர் கேஜ்தான். ஆச்சி ஏறிய வண்டிக்கு நெருங்கிய உறவு இது. ஒரு வித்தியாசம்: ஆரியங்காவு ஏற்றத்தில் சக்கரம் தண்டவாளத்தைப் பிடித்தே ஏறிவிடும். நீலகிரி ஏற்றத்துக்கு அது போதாது.

ஏன் போதாது என்று தெரிந்துகொண்டு போனால் பையனுக்கு வேடிக்கை காட்ட வசதியாக இருக்கும். மேட்டுப்பாளையம் நிலையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர், ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். நம் பொதிகை உச்சியே 1,868 மீட்டர்தான். 46 கி.மீ. பாதையில் 208 வளைவு, 250 பாலம், 16 குகை. கல்லாரிலிருந்து குன்னூர் வரை சுமார் 20 கி.மீ. தூரம்தான் கடுமை: 12 மீட்டர் முன்னால் போனால் ஒரு மீட்டர் மேலே ஏறுகிறது. இரும்பும் இரும்பும் உராயும் பிடி இந்தச் சரிவுக்கு நிற்காது, வழுக்கும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரண்டு எஃகுச் சட்டங்களைப் பதித்திருக்கிறார்கள். இன்ஜினின் வயிற்றுக்கடியில் இருக்கும் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்விக் கவ்வி ஏறும். இரண்டு சட்டத்தின் பற்களும் ஒன்றுக்கொன்று நேராக இருக்காது, தள்ளித் தள்ளி இருக்கும். ஒரு பல் விடும்போது அடுத்த சட்டத்தின் பல் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காக. ஆப்ட் முறை என்று பெயர், சுவிட்சர்லாந்துக்காரர் கண்டுபிடித்தது. இந்தியாவில் பல்சட்டம் போட்ட பயணிகள் பாதை இது ஒன்றுதான். குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வண்டி வந்தது. 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

இன்ஜினை உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சிலிண்டர் தெரியும். கீழே இருப்பது உயர் அழுத்தச் சிலிண்டர், சாதாரண ஓட்டச் சக்கரங்களைச் சுழற்றும். மேலே இருப்பது பல்சக்கரத்துக்கு. கீழே வேலை பார்த்து வெளியேறும் ஆவியை வீணாக்காமல் மேல் சிலிண்டருக்கு அனுப்பி மறுபடியும் வேலை வாங்குவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கல்லார் வரை பல்சட்டம் கிடையாது, அதனால் மேல் சிலிண்டரின் தண்டு சும்மா நிற்கும். கல்லாரைத் தாண்டிப் பல் பிடிக்கும் இடத்தில் வண்டி நடை வேகத்துக்கு இறங்கும், அடியில் ஒரு சின்ன உலுக்கல், பிறகு இன்ஜினின் சத்தமே மாறிவிடும். அந்த இடத்தில் பையனைப் பேசவிடாமல் கேட்கச் சொல்லுங்கள். ஓட்டச் சக்கரம் வழுக்கினால்கூட, அதிகமாக வெளியேறும் ஆவி மேல் சிலிண்டருக்குத்தான் போகும், பல்சக்கரம் கூடுதலாகத் தள்ளும். வழுக்கல் தானாகவே அடங்கும்படி அமைத்த கணக்கு அது.

ஆச்சிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: பெயர் கரிவண்டியானாலும் இப்போது ஓடும் இன்ஜின்களில் பெரும்பாலானவை எண்ணெயில் எரிபவை. திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகக் கட்டியவையும் இதில் உண்டு. கண்ணில் கரித்தூள் விழுவதும் சேலையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுவதும் பெரும்பாலும் இல்லை. எண்ணெய்ப் புகை வாடை உண்டு. குகைக்குள் நுழையும்போது பின்பெட்டியில் இருப்பவர்கள் ஜன்னலை ஏற்றிவிடுவது நல்லது.

பின்பெட்டி என்று ஏன் சொல்கிறோம் என்றால், குன்னூர் வரை இன்ஜின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. கொக்கி அறுந்தால் பெட்டிகள் கீழே உருண்டோடக் கூடாது, இன்ஜின் தாங்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். ஓட்டச் சக்கரத்துக்கு ஒன்று, பல்சட்டத்துக்கு ஒன்று என அவர் கையில் இரண்டு பிரேக். ஓட்டுநருக்கு முன்னால் பாதை தெரியாது என்பதால், முதல் பெட்டியின் பிரேக்ஸ்மேன் கொடியை அசைக்க, அடுத்தவர் பார்த்து அசைக்க, கடைசியில் இன்ஜினுக்குச் சேதி போகும். முதல் வகுப்பு வழக்கமாக முன்முனையில் இருக்கும். மலைக்காட்சி வேண்டுமென்றால் அது. ஆனால் உங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் வேண்டியது இன்ஜின் சத்தம் அல்லவா? கடைசிப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு கிடைத்தால் அதுவே யோகம். செலவும் குறைவு. பெஞ்சு பெட்டியின் முழு அகலத்துக்கும் இருப்பதால் எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் கொஞ்சம் தெரியும். குன்னூர் வரை பள்ளத்தாக்கு அதிகம் தெரிவது இடப்பக்கம்.

இனி டிக்கெட். முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும், பயண நாளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மே மாத நாட்களுக்கு நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் பெயர் விவரங்களை முதல் நாளே சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். நிலையக் குறியீடு மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர்., உதகமண்டலம் யு.ஏ.எம். ஒரே முயற்சியில் நாலு பேருக்கும் ஊட்டி வரை வராவிட்டால் உடனே குன்னூர் வரை போட்டுப் பாருங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம், வார இறுதியைத் தவிர்த்துச் செவ்வாய், புதனாகப் பாருங்கள். காத்திருப்புப் பட்டியலை நம்ப வேண்டாம். நாலைந்து பெட்டிகளே உள்ள வண்டி, ரத்தாகும் இடங்களும் குறைவு. இணையத்தில் எடுத்த டிக்கெட் கடைசிவரை காத்திருப்பிலேயே நின்றால் தானாக ரத்தாகிப் பணம் வந்துவிடும், அதை வைத்து ஏற முடியாது. மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுபோனது, ஆச்சிக்கும் முழுக் கட்டணம். ஆறு வயதுப் பையனுக்கு இருக்கை கேட்டால் முழு டிக்கெட்தான். ஐந்து மணி நேரம் மடியில் வைத்துக்கொள்ள முடியாது, கேட்டுவிடுங்கள்.

நெல்லையிலிருந்து போவதில்தான் சிக்கல். மலை ரயில் காலை 7.10க்குக் கிளம்புகிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு இணைப்பாக வைத்த நேரம் அது. சென்னைக்காரர்கள் தூங்கி எழுந்து இறங்கி, எதிரே நிற்கும் வண்டியில் ஏறிவிடுவார்கள். நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நெல்லை வழியாகக் கோவை போகும் இரவு வண்டியில் ஏறினால், நீங்கள் கோவையில் பெட்டியை இறக்கும் நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் விசில் ஊதிக்கொண்டிருப்பார்கள். தென்காசி, பழனி வழியாக நெல்லை–மேட்டுப்பாளையம் வாராந்திரச் சிறப்பு ரயிலும் விட்டிருக்கிறார்கள். உங்கள் ஊர் வழியாகவே போவதால் ஆசை காட்டும். அதன் நாளும் நேரமும் மாறுவதால், பதிவு செய்யும்முன் மேட்டுப்பாளையம் சேரும் நேரத்தைப் பாருங்கள். 6.30க்கு மேல் என்றிருந்தால் அன்றைய மலை ரயிலுக்கு அதை நம்பாதீர்கள். ஒரு நாள் முன்னதாகப் போவதற்கு அது பேஷான வண்டி.

நாங்கள் சொல்வது: முதல் நாள் பகல் வண்டியில் கோவை போய், அங்கிருந்து பேருந்தில் 35 கி.மீ. தள்ளியுள்ள மேட்டுப்பாளையத்துக்குப் போய், நிலையத்துக்குப் பக்கத்திலேயே இரவு தங்குங்கள். இரவுப் பேருந்தில் போனால் விடியற்காலை கோவை சிங்காநல்லூரில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து இன்னொரு பேருந்து மாறி 7 மணிக்குள் சேர்வது வாலிபர்களுக்குச் சரி, முட்டுவலியோடு வருகிறவருக்கு ஆகாது. கோடையில் வார இறுதிகளில் 7.10 வண்டிக்குப் பிறகு இன்னொரு சிறப்பு மலை ரயில் விடுவது வழக்கம். கட்டணம் கூடுதல், அறிவிப்பும் சில வாரங்களுக்கு முன்புதான் வரும். வந்தால் விடாதீர்கள். சொந்தக் காரில் குன்னூர், ஊட்டிக்குப் போவதாக இருந்தால் நீலகிரி மாவட்டத்துக்கான இ-பாஸ் கட்டாயம். ரயிலிலும் அரசுப் பேருந்திலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

கழிப்பறை: பெட்டியில் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குப் பெட்டி நடந்து போகவும் வழி கிடையாது. 6.45க்குள் மேட்டுப்பாளையம் நிலையத்திலேயே போய்விட்டு ஏறட்டும். அடுத்த வாய்ப்பு வழியில் உள்ள ஹில்குரோவ் நிலையத்தில். இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க அங்கே பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நிற்கும், டீயும் கிடைக்கும். நடைமேடை தாழ்வு, பெட்டிப் படி உயரம். ஆச்சியை இறக்கும்போது ஒருவர் கீழே நின்று கை கொடுங்கள், முகம் பெட்டியைப் பார்த்தபடி, ஏணியில் இறங்குவதுபோல் இறங்கட்டும். இருக்கைகளும் நெருக்கமானவை, எதிரில் இருப்பவரின் முட்டி நம் முட்டியில் இடிக்கும். கால் நீட்ட ஜன்னலோரத்தைவிடக் கதவோரம் தேவலை. பெரிய சூட்கேசுக்கு இடமே கிடையாது. தோள்பை மட்டும், அதுவும் பெஞ்சுக்கடியில் நுழைகிற அளவில். ஹில்குரோவ் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவர் சத்தம் நன்றாகத் தெரியும். ஊரிலிருந்து கொண்டுபோகும் அல்வாப் பொட்டலத்தை அங்கே பிரிக்காதீர்கள்.

வண்டி வழியில் நின்றுவிட்டால் பதறாதீர்கள். ஆவி அழுத்தம் குறைந்தால் கொதிகலனில் அது மீண்டும் ஏறும்வரை நிறுத்தி வைப்பார்கள். பாதையில் யானை நின்றால் அது போகும்வரை காத்திருப்பார்கள். பல்சட்டப் பகுதியில் வேகமே மணிக்கு 13 கி.மீ.தான். ஊட்டிவரை சுமார் ஐந்து மணி நேரம் என்பது எல்லாம் ஒழுங்காக நடந்தால். அன்று பிற்பகலுக்கு வேறு எதற்கும் முன்பணம் கட்டிவைக்காதீர்கள். திரும்பும் வண்டி ஊட்டியில் பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை 5.30 வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். அதே இரவில் கோவையிலிருந்து நெல்லை வண்டியைப் பிடிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள், மறுநாளுக்கு வையுங்கள்.

மே மாதமானால் மண்சரிவுப் பயம் குறைவு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் பாறை விழுந்து நாள்கணக்கில் நிறுத்துவார்கள். ஆனாலும் கோடைமழை ஒரே இரவில் பாதையை மூடிவிடக்கூடும். ரத்துச் செய்தி பதிவில் கொடுத்த கைப்பேசிக்குத்தான் வரும், முகவர் மூலம் எடுத்தால் அவர் எண்ணைப் போடாமல் உங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள். வண்டி முழுதாக ரத்தானால் இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பும், கவுண்டரில் எடுத்தது என்றால் டிக்கெட்டோடு நேரில் போக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் குன்னூருக்குப் பேருந்தில் ஏறுங்கள். ஒன்றரை மணி நேரம். இந்த இன்ஜின்களைப் பராமரிக்கும் ஷெட் குன்னூரில்தான், அதிர்ஷ்டமிருந்தால் ஆவி விட்டபடி ஒன்று வெளியே நிற்கும்.